சாட்சிக் கையெழுத்து

"ஒரு கையெழுத்துத்தானே கேட்டேன், கிட்னியையா கேட்டேன்?"

மார்லிஸ் போனில் தங்கையிடம் பொருமிக்கொண்டிருந்தாள். இடது காலில் முழங்கால்வரை மாவுக்கட்டு. அதற்கும் காரணம் ஜனாதிபதித் தேர்தல்தான். பக்கத்து வீட்டு லைல் வைத்திருந்த பிரசார அட்டையைவிடத் தன் வேட்பாளரின் அட்டை ஓரடி உயரத்தில் தெரிய வேண்டும் என்று ஏணி போட்டு மேப்பிள் மரத்தில் ஏறினாள். வழுக்கி விழுந்தாள். அதைப் பார்த்து லைல் சிரித்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. சின்ன வயதில் ஒரே வகுப்பு என்பதால் இன்னும் வாடா, போடிதான். அவள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, கழுதைச் சின்னத்துக் கட்சி. அவன் நாற்பது மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவன், எதிர்ப்பக்கத்து யானைச் சின்னத்துக் கட்சி. ஆகஸ்டில் வேலியோரம் சண்டையைப் பிடித்தால் நவம்பர் வரை விடமாட்டார்கள். முட்டை விலை, எல்லை, வரி, ஆஸ்பத்திரிச் செலவு, ஒன்று பாக்கி இருக்காது. இவர்களைச் சமாதானம் செய்வதற்கு என் வீட்டு இரண்டு வாண்டுகளைத் தூங்க வைத்துவிடலாம்.

"உன் ஆளு டிவியில வாயைத் திறந்தா என் மாடு பால் சுரக்க மாட்டேங்குதுடி" என்பான் லைல்.

"உன் ஆளு பேசினா கறந்து வச்ச பாலே திரிஞ்சு போகுதுடா" என்பாள் அவள்.

கால் உடைந்ததால் இந்தத் தடவை தபால் ஓட்டு வாங்கி வைத்திருந்தாள். எங்கள் விஸ்கான்சின் மாநிலத்தில் அந்த ஓட்டு உறையின் மேல் சாட்சி ஒருவரும் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டு செல்லாது. இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துவிட்டுத் தேர்தலுக்கு முதல் நாள் மத்தியானம்தான் மார்லிஸ் ஓட்டுச் சீட்டை நிரப்பினாள். உறைக்குள் போட்டு, ஒட்டி, அதற்குப் பிறகு சாட்சிக்கு ஆள் தேடினாள். மறுபக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. மிஞ்சியது லைல்.

வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டாள். நொண்டிக்கொண்டே காபி போட்டாள். ஆப்பிள் கேக்கும் ஒரு துண்டு வெட்டி வைத்தாள்.

லைல் உறையைக் கையில் எடுத்து முன்னால் பார்த்தான், பின்னால் பார்த்தான். ஒட்டிய இடத்தை விரலால் தடவினான்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான்.

அவ்வளவுதான். காபியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டான்.

இதைப் போனில் கேட்ட தங்கைக்கு ஆறவில்லை. எதிர்க்கட்சி ஓட்டு ஒன்று குறைந்தது என்று உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருப்பான், இவனையெல்லாம் வீட்டுக்குள் விட்டதே தப்பு என்றாள். தானே வந்து சாட்சிக் கையெழுத்துப் போடலாம் என்றால் நாலு மணி நேரப் பயணம், லீவு கிடையாது.

"பதினெட்டு வயசுல இருந்து ஒரு தேர்தலைக்கூட நான் விட்டதில்ல" என்றாள் மார்லிஸ். கால் ஒடிந்தபோதுகூட அவள் குரல் அப்படி உடையவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, மாடு கறந்த கையோடு லைல் வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ஏறச் சொன்னான். மார்லிஸ் கதவில் சாய்ந்தபடியே, நேற்று விட்டுவைத்ததையெல்லாம் சேர்த்துத் திட்டினாள். இந்தக் காலை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்டாள். அவன் முன்சீட்டைப் பின்னால் தள்ளி, கால் நீட்ட இடம் செய்துகொண்டிருந்தான்.

ஓட்டுப் போடுகிற இடத்தில் நல்ல மனசுள்ள யாராவது கையெழுத்துப் போட்டுத் தருவார்கள் என்று உறையை எடுத்துக்கொண்டு ஏறினாள்.

லைல் வண்டியை ஓட்டுச்சாவடியாக இருந்த பள்ளிக்கூடத்தின் வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் தேர்தல் அதிகாரி டோரீனும் இன்னொரு ஊழியரும் புதுச் சீட்டோடு வண்டிக்கே வந்தார்கள்.

"நீங்க இறங்க வேண்டாம். நடக்க முடியாதவங்க வண்டியில இருந்தே போடலாம்" என்றாள் டோரீன்.

மார்லிஸ் மடியில் இருந்த உறையை நீட்டினாள். டோரீன் வாங்கிப் பார்த்து, கூடாது என்று தலையை ஆட்டினாள்.

"சீட்டு வெறுமையா இருக்கிறதையும், நீங்க போடுறதையும் சாட்சி கூட இருந்து பார்க்கணும். ஒட்டின உறையில போட்டா அது பொய்ச்சாட்சி. யாராவது பிரச்சினையைக் கிளப்பினா உங்க ஓட்டு குப்பைக்குத்தான் போகும். அதை விடுங்க, இதுல புதுசாப் போடுங்க."

மார்லிஸ் சன்னல் வழியாகப் பார்த்தாள். அவள் சீட்டு தன் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று லைல் தூரமாகப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான்.

"நேத்தே இதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று அவன் முதுகைப் பார்த்துப் பொருமினாள்.

"ஒட்டின உறைக்கு என்ன வழின்னு நேத்து அவருக்கே தெரியலையே. சாயங்காலத்துக்குள்ள மூணு தடவை என் ஆபீசுக்கு வந்து கேட்டுட்டுப் போனார்" என்று டோரீன் சிரித்தாள். "நான்கூடக் கேட்டேன், எதிர்க்கட்சிக்காரிக்கு எதுக்கு இந்த அலைச்சல்னு. அதுக்கு அவர், 'ஓட்டே போடாதவளோட நான் எப்படிங்க நாலு வருஷம் சண்டை போடுறது?'ன்னார்."