பாலத்து வாயிலில் ஓர் இலை

ஒரே காட்டில் இரண்டு எறும்பு நாடுகள் இருந்தன. வறிய தென்புற்று ஓடையின்மேல் பாலம் கட்டுவதற்கு உதவ, வளமான வடபுற்று ஒப்புக்கொண்டது. சுள்ளிகளை வடபுற்று தரும். உழைப்பு தென்புற்றினுடையது. கொடுத்தவர் பெயரைத் துளையிட்டுப் பொறித்த அகன்ற இலையொன்றைப் பாலத்து வாயிலின்மேல் தென்புற்றே அமைக்கவேண்டும். இதுவே உடன்படிக்கை.

வேலை முடிந்ததும், வடபுற்றின் அதிகாரி செங்காலர் பார்வையிட வந்தார். பாலத்தில் இரண்டடி நடந்து திரும்பிவிட்டார். இலையைத்தான் நெடுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய இலையை வைத்துக்கொண்டா ஏழைகள் என்றீர்கள்? எங்களை ஏமாற்றிவிட்டீர்களே, அம்மா!" என்று சிரித்தார்.

தென்புற்றின் தலைவி நுண்ணியும் சிரிக்க முயன்றாள். "இது ஒன்றுதான் இருந்தது, ஐயா."

திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. செங்காலர் இலையின் அடியில் ஒதுங்கினார். தென்புற்றுத் தாதியரும் முட்டைகளைக் கவ்விக்கொண்டு அங்கேயே ஓடிவந்தனர்.

"முட்டைகளை ஏன் வெளியே கொண்டுவருகிறார்கள்? புற்றுக்குள் இடமில்லையா?"

"இடம் இருக்கிறது, ஐயா. கூரைதான் இல்லை," என்றாள் நுண்ணி, தலை நிமிராமல். "அதைத்தான் இங்கே வைத்திருக்கிறோம்."

செங்காலர் அண்ணாந்து பார்த்தார். தம் நாட்டின் பெயரிலிருந்த ஒவ்வோர் எழுத்தின் வழியாகவும் முட்டைகளின்மேல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் மழையில் இலையின்மேல் ஏறி, ஆறு கால்களையும் விரித்து, இயன்றவரை அந்தப் பெயரை மூடிக்கொண்டு படுத்தார்.