பார்சல் போய்ச் சேர்ந்ததா?

“பார்சல் போய்ச் சேர்ந்திடுச்சா?”

நாலாம் நம்பர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார். ஆர்லினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சீபுவிலிருந்து ஒரு நாள் முழுக்கக் கப்பலில் ஆடி ஆடி மணிலா வந்து, தூதரக வாசலில் வெயிலில் காய்ந்து, கடைசியில் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றால், “உட்காருங்க” என்று ஒரு வார்த்தை இல்லை. பார்சலாம்!

“அனுப்பி ஒரு வாரம் ஆச்சு சார். என் விசா என்ன ஆச்சு?”

“சேர்ந்திடுச்சான்னு கேட்டேன் மேடம்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நெஸ்டர்கிட்ட மூச்சு விடாம அனுப்பணும்னு சொன்னதே நீங்கதானே!”

ஆர்லின் கட்டிக்கொள்ளப் போகிற நெஸ்டரும் பிலிப்பைன்ஸ்காரன்தான். ஆனால் குளிர் தேசம் ஒன்றுக்கு வெல்டர் வேலைக்குப் போய், அந்த நாட்டுக் குடிமகனாகவே ஆகிவிட்டவன். போன ஜனவரியில் திருவிழா பார்க்கச் சீபு வந்தவன், அவளுடைய சலூனில் முடிவெட்டிக்கொள்ள உட்கார்ந்தான். மறுநாளும் வந்தான். வெட்டுவதற்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லாதபோதும் வந்தான். வரும் நவம்பரில் அவன் இருக்கிற நாட்டிலேயே தேவாலயத்தில் கல்யாணம் என்று பேச்சு. சலூனைத் தங்கையிடம் ஒப்படைத்தாயிற்று. வெள்ளை கவுன் தைத்தாயிற்று. இனி விசா ஒன்றுதான் பாக்கி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி இந்த ரெனாட்டோ. பன்னிரண்டு வருஷமாக அதே ஜன்னல், அதே நாற்காலி.

முதல் தடவை வந்தபோது, “அவர் வீட்டுச் சமையலறையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றார். நெஸ்டர் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். “விசா கொடுக்கிறவனுக்கு என் அடுப்பு எதுக்கு?” என்றானே தவிர, படம் அனுப்பவில்லை.

இரண்டாம் தடவை, “அவர் கூடப்பிறந்தவங்க யார்கிட்டயாவது பேசியிருக்கீங்களா?” என்றார். அவர்கள் எல்லாம் தெற்கே தாவோ நகரத்துப் பக்கம், நெஸ்டருக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்றாள். “ஓஹோ” என்றார். அந்த ஓஹோவை நினைத்து நினைத்து ஊர் போய்ச் சேரும்வரை அவளுக்குத் தூக்கமில்லை. அன்றைக்குத்தான் இந்தப் பார்சல் உத்தரவும் வந்தது. தின்பண்டம் மட்டும் போதுமாம். அவன் வீட்டு விலாசத்துக்குத்தான் போகவேண்டுமாம். பெட்டியின் மேல் அவள் பெயரும் போன் நம்பரும் பெரிதாக இருக்கவேண்டுமாம்.

“என்ன வச்சு அனுப்பினீங்க?” என்றார் ரெனாட்டோ இப்போது.

“காய்ஞ்ச மாம்பழம். அப்புறம் கருவாடு.”

“கருவாடா! பேஷ். பிரிக்காம வச்சிருக்க முடியாது.” அந்த முகத்துக்குச் சிரிக்கவும் தெரியும் என்று அவள் அன்றுதான் பார்த்தாள்.

கோபம் ஒரு பக்கம் இருக்க, ஆர்லினுக்கு இப்போது ஆர்வம் தாங்கவில்லை. கண்ணாடியில் நெற்றி இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள்.

“சார், சத்தியமா கேட்கறேன். மத்த ஜன்னல்ல எல்லாம் சம்பளச் சீட்டு, ஜோடியா நாலு போட்டோ, அதோட விட்டுடறாங்க. எனக்கு மட்டும் அடுப்பு, கருவாடுன்னு ஏன் இந்த அலைக்கழிப்பு? இதை வச்சு எதைத்தான் கண்டுபிடிக்கப் போறீங்க?”

ரெனாட்டோ திரும்பி, பின்னால் அதிகாரியின் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“நான் இங்க கேள்விதான் கேட்கலாம் மேடம். பதில் சொன்னா வேலை போயிடும். எனக்கு மூணு பிள்ளைங்க.”

“உங்க பிள்ளைங்களைப் பத்தி இப்ப யார் சார் கேட்டா? முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் கொடுங்க. காரணம் சொல்லாமத்தான் தள்ளுவாங்க, பத்துத் தடவை தள்ளினாலும் திரும்பத் திரும்பப் போடலாம்னு நெஸ்டர் சொல்லியிருக்கார்.”

“அதனாலதான் தள்ளாம வச்சிருக்கேன்.” ஃபைலைக் கட்டி ஓரமாக வைத்தார். “பார்சலைப் பிரிச்சதும் வாங்க. அப்பவும் உங்களுக்கு விசா வேணும்னா, மறுபேச்சு இல்லாம ஃபைலை உள்ளே அனுப்பறேன். அடுத்தவங்க வரலாம்!”

அழுகையும் ஆத்திரமுமாக வெளியே வந்தாள். பதில் சொன்னால் வேலை போய்விடுமாம். அப்படி என்ன பொல்லாத பதில்? வாசல் காவலாளியிடம் கொடுத்து வைத்திருந்த போனை வாங்கும்போதே அது அடித்தது. வெளிநாட்டு நம்பர்.

“ஆர்லினா?” பெண் குரல். அவள் ஊர்ச் சீபுப் பேச்சேதான். “பெட்டி மேல உங்க நம்பர் இருந்துச்சு. இப்பத்தான் கைக்கு வந்தது. கருவாட்டு வாசனை மூக்குல ஏறினதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, போங்க!”

பார்சல் சேர்ந்துவிட்டது! ஆர்லினுக்கு ஜன்னலுக்கே திரும்ப ஓடலாம் போல இருந்தது.

“ரொம்ப சந்தோஷம். நீங்க… நெஸ்டர் குடியிருக்கிற வீட்டு ஓனரம்மாவா?”

“ஓனரா!” அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்பு. “நாங்களே வாடகை கட்ட முழி பிதுங்கறோம். அவர் வேலைக்குப் போயிருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன். இவ்வளவு பாசமா ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கீங்க, மணிலாத் தூதரகத்துல விசா வாங்கிக்கிட்டு நான் இங்க வந்து ஆறு வருஷமாச்சு, கட்டின பொண்டாட்டிகிட்ட உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலியே இந்த மனுஷன்!”