முதல்லேருந்து ஆரம்பி

விவேக் நகர் சர்ச் வாசலில் காது மூட மஃப்ளர் சுற்றிக்கொண்டு ஏறிய இளைஞன், "வைட்ஃபீல்ட். இன்டர்வியூ இருக்கு" என்றான். ஆட்டோ கிளம்பியதும் போனைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தான்.

"நீ இந்தத் தொழில்ல இருபது வருஷ அனுபவம் உள்ள ஆளு."

போன வாரம்தான் ஆட்டோ எடுத்திருந்த சீனுவுக்கு உச்சி குளிர்ந்தது.

"அவசரப்படாதே. நிதானமா, ஒவ்வொரு ஸ்டெப்பா போ."

சீனு வேகத்தைக் குறைத்தான். ஒரு சைக்கிள் முந்திப் போனது.

"ம்ஹூம், தப்பு. பண்ணினதையெல்லாம் விட்டுடு. முதல்லேருந்து ஆரம்பி."

பைத்தியமோ? இருந்தாலும் சவாரி சொல்லியாயிற்று. சீனு வண்டியைத் திருப்பினான். மறுபடி சர்ச் வாசல் வந்தது.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. சும்மா கதை விடாதே!"

சீனு பிரேக் போட்டான். கண் கலங்கிவிட்டது.

"சத்தியமா வழி தெரியாது சார். முன்னாடி போன ஆட்டோ வைட்ஃபீல்டுதான் போவுதுன்னு நம்பிப் பின்னாலயே போனேன்."

இளைஞன் மஃப்ளருக்குள் கையை விட்டு இயர்போனைப் பிடுங்கினான்.

"ஐயோ, உன்கிட்ட யாருய்யா பேசினா? இன்டர்வியூவுக்கு ஏஐகிட்ட பதில் கேட்டுட்டிருந்தேன்!"

"என்ன வேலை சார்?"

"ஏஐகிட்டேருந்து சரியான பதில் வாங்கறது எப்படின்னு சொல்லித் தர்ற வேலை."

"அது தெரியலைன்னு ஒத்துக்கிச்சா?"

"எங்க? இன்னும் கதைதான் விடுது."

சீனு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப இன்டர்வியூவுல என்னைக் காட்டுங்க சார். வழியை மட்டும் அதுகிட்ட கேளுங்க!"