துரத்தப்பட்ட பிடில்காரர்

வாசித்து முடித்த பிடில்காரரை, "சொல்லி அனுப்புறோம்" என்று வெளியே அனுப்பினார் இசைக்குழுத் தலைவர் வெர்லன்.

"அருமையா வாசிச்சானே! ஏன் வேண்டாம்ங்கிற?" என்றாள் மனைவி டார்லீன்.

"அதனாலதான். எங்கிட்ட சேர்ந்தா கடைசிவரைக்கும் என் பின்னாடியே நின்னுடுவான். பட்டிக்காட்டுலேருந்து லபக் நகரத்துக்கு வந்த என்னை அன்னிக்கு உங்கப்பா ஹோபர்ட் தன் குழுவுல சேர்த்திருந்தா, என் கதியும் அதுதான். என் திறமை தெரிஞ்சுதான் அந்தப் பெரிய மனுஷன் துரத்திவிட்டார். அந்த ரோஷத்துலதான் தனிக்குழு ஆரம்பிச்சேன்." வெர்லன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

டார்லீன் பெருமூச்சு விட்டாள்.

"கல்யாணமாகி இருபது வருஷமா இதை உங்கிட்ட மறைச்சுட்டேன். அன்னிக்கு எங்கப்பா வீட்டுக்கு வந்து, 'ஒருத்தன் பூனை வாலை மிதிச்ச மாதிரி வாசிச்சான், துரத்திட்டேன்'னுதான் சொன்னார். நீ வாசிக்கக் கத்துக்கிட்டதே அதுக்கப்புறம்தான்!"

வெர்லன் தொப்பியை மாட்டிக்கொண்டு பிடில்காரரின் பின்னால் ஓடினார்.