மயில்கழுத்து நாக்கு

யேசுதாஸ் முதலில் பார்த்தது தன் வேட்டியைத்தான். முழங்காலுக்குக் கீழே தொப்பலாக நனைந்திருந்தது. உதறி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். பொட்டுக் கறை இல்லை.

"ஆண்டவர் காப்பாத்தினாருடி. வேட்டி தப்பிச்சுது!" என்றான். மத்தியானம் நடக்கப்போகும் மச்சினியின் நிச்சயதார்த்தத்துக்காகக் கட்டிய புது வேட்டி.

"வேட்டி கெடக்கட்டும். மருந்து?" என்றாள் அவன் மனைவி அம்சா.

அப்போதுதான் காலடியில் கவிழ்ந்து கிடந்த பக்கெட்டைப் பார்த்தான். மச்சானோடு போனில் வம்பளந்துகொண்டே பின்னால் நடந்து வந்து, குதிகாலால் அதை உதைத்த பெருமை அவனையே சேரும். மூடி ஒரு பக்கம் உருண்டு போயிருந்தது. உள்ளே இருந்ததை மணல் ஒரே மடக்கில் குடித்து முடித்திருந்தது. இனி அந்த மணலுக்கு ஆயுசுக்கும் வெள்ளைக்கழிச்சல் வராது.

கோழிகளுக்குத்தான் வரும். போன தடவை அந்த நோயில் பாதி ஷெட் காலி. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உனக்குக் குஞ்சு எறக்க மாட்டோம்" என்று கறிக்கோழிக் கம்பெனி கறாராகச் சொல்லியிருந்தது. அதனால்தான் காலையில் கம்பெனி சூப்பர்வைசர் கதிர்வேலே வந்து, தடுப்பு மருந்தைத் தண்ணீரில் கலந்து மூடி வைத்தான். "கோழிங்க நல்லா தாகத்துல இருக்கட்டும், அப்பால ஊத்து. நான் ஏனாத்தூர் ஷெட்டப் பாத்துட்டு வந்துடறேன்" என்று போயிருந்தான்.

"அவருக்குப் போன் போட்டு உள்ளத சொல்லு. வேற மருந்து குடுப்பாரு" என்றாள் அம்சா.

"குடுப்பான். கூடவே ஐயம்பேட்டை முழுக்கச் சொல்லிக்கினு திரிவான். நாளைக்கு நானே காஞ்சிபுரத்துல மருந்து வாங்கியாந்து ஊத்திடறேன். ஒரு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

சிக்கல் நாக்கில் இருந்தது. மருந்தில் கதிர்வேல் எப்போதும் எதையோ போட்டு நீலமாக்குவான். குடித்த கோழிக்கு நாக்கு நீலமாகும். நாலு கோழியின் அலகைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர்வான். "அது இன்னாப்பா நீலம்?" என்று யேசுதாஸ் ஒவ்வொரு தடவையும் கேட்பான். "அதெல்லாம் டெக்னிக்கல்பா" என்பதைத் தாண்டி அவனிடம் ஒரு வார்த்தை கறக்க முடியாது.

நீலத்துக்கா இந்த ஊரில் பஞ்சம்? பட்டு நூலுக்குச் சாயம் போடும் சபாபதி அடுத்த தெருவில்தான் இருந்தார்.

"மயில்கழுத்து கலர் துளி குடுண்ணே. மாமியார் புடவை வெளுத்துப் போச்சு."

"எடுத்துக்கோ. என் சாயம் ஏறிச்சுன்னா எறங்காது."

"வாயில பட்டா ஒண்ணும் ஆவாதுல்ல?"

"புடவைய எவன்யா தின்றான்?"

அதையே டாக்டர் சர்டிபிகேட்டாக எடுத்துக்கொண்டு யேசுதாஸ் ஓடி வந்தான். ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரே ஒரு சிட்டிகை. தாகத்தில் கிடந்த கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்து குடித்தன. ஒன்று மட்டும் குடித்து நிமிர்ந்து அவனையே பார்த்தது. "நாளைக்கு நெசமாவே ஊத்தறேன்டா" என்று முணுமுணுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இத வாங்கித் தின்றவன் நாக்கு இன்னா கலர்ல இருக்கப் போவுதோ" என்றாள் அம்சா.

கதிர்வேல் வந்தான். வாசலில் நின்றபடியே ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "தண்ணி காலி. சூப்பர்பா. நான் கெளம்பறேன்" என்று பைக்கை உதைத்தான்.

யேசுதாஸுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பாடுபட்டுச் சாயம் ஏற்றியிருக்கிறான், பார்க்க ஆளில்லையே!

"இன்னாப்பா, நாக்கு பாக்கலியா?"

"இன்னிக்கு வேணாம்பா."

"அதெப்படி வேணாம்? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, நான் மருந்தே ஊத்தலன்னு நீ சொல்றதுக்கா?"

'விட்டுத் தொலையேன்' என்று அம்சா பின்னாலிருந்து கையால் ஜாடை காட்டினாள். அவன் திரும்பினால்தானே! ஓடிப்போய் ஒரு கோழியைத் தூக்கி வந்து, அலகைப் பிளந்து, கதிர்வேலின் மூக்குக்கு நேரே நீட்டினான். நாக்கு முகூர்த்தப் புடவை மாதிரி மின்னியது.

கதிர்வேல் பைக்கை அணைத்தான். கோழியைப் பார்த்தான். யேசுதாஸைப் பார்த்தான். உள்ளே போய்த் தானே இன்னொரு கோழியைப் பிடித்துப் பார்த்தான்.

"எதை வேணா புடிச்சுப் பாரு! இந்த வாட்டி கலர் சும்மா ஜோரா வந்துக்குது. இப்பவாவது மறைக்காம சொல்லுப்பா, இன்னா கலந்த?"

கதிர்வேல் முதல்முறையாக நேராகப் பதில் சொன்னான்.

"இன்னிக்கு நான் நீலமே கலக்கலப்பா."