மாடி ஷிப்ட்

"ஏம்மா ஷோபா, நீ தீனி போட்டு வளக்கற புறாங்க எங்க மாடியில வந்து எச்சம் போட்டுக்கினு கீதுங்க. இது இன்னா நியாயம்?"

பக்கத்து வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஷோபாவிடம் கைப்பிடிச் சுவரோரம் நின்று கேட்டார் காத்தவராயன்.

"நான் எங்க பெரியப்பா போட்டேன்? அதுங்க எங்க வூட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கறதில்ல. உங்க மாடியத்தான் சுத்திச் சுத்தி வருதுங்க."

"அதான் எனக்கும் புரியல" என்றவர், கையிலிருந்த மூங்கில் கழியால் தண்ணீர்த் தொட்டியை ஓங்கித் தட்டினார். புறாக்கள் எழும்பி, வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வந்து உட்கார்ந்தன.

காத்தவராயன் தங்கச் சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்தவர். சுரங்கத்தை அரசாங்கம் மூடிவிட்டது. அவருடைய மேஸ்திரித்தனத்தை மூட யாராலும் முடியவில்லை. காலைக் காபி முடிந்ததும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்று மாடி ஏறுவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் செகண்ட் ஷிப்ட். எச்சத்துக்குப் பயந்து தலையில் பழைய ஹெல்மெட் வேறு.

அவருக்கு இருந்த கவலை ஒன்றுதான். தான் மாடியே கதியென்று கிடப்பதால் கீழே குடும்பத்தைக் கவனிக்க ஆளில்லாமல் போய்விட்டது. தோசைக்கு எண்ணெயை அளவாக ஊற்று என்று சொல்ல, ஆளில்லாத அறையில் ஃபேன் எதற்கு என்று கேட்க, போனில் யார் என்று விசாரிக்க அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? பாவம், மருமகள் மமதா தனியாகத் திண்டாடுவாள்.

"பேசாம வல கட்டிடுங்க பெரியப்பா" என்றாள் ஷோபா. "எங்க அண்ணன் வூட்ல கட்டினாங்க. அப்பறம் ஒரு புறா வரணுமே."

அன்று சாயங்காலம் பெங்களூரில் வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பிய மகன் விநாயக் செருப்பைக் கழற்றுவதற்குள், காத்தவராயன் வலைப் பேச்சை எடுத்துவிட்டார்.

"வலயா? அதெல்லாம் வேஸ்ட் நைனா" என்றான் விநாயக், அவசர அவசரமாக. "வெயில்ல ஒரே வருசத்துல இத்துப் பூடும். நீ இருக்கும்போது வல எதுக்கு? உன் கொரலக் கேட்டாலே புறாவுக்குக் கொல நடுங்குது."

"ஆமா மாமா" என்று அடுப்படியிலிருந்து மமதாவும் ஒத்து ஊதினாள். "நீங்க மேல கீறதாலதான் நாங்க கீழ நிம்மதியா கீறோம்."

காத்தவராயனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பெற்ற பிள்ளையும் வந்த மருமகளும் இப்படி அருமை தெரிந்து பேசுவது எத்தனை பேருக்கு வாய்க்கும்? மறுநாளிலிருந்து டீயும் வடையும் மாடிக்கே வந்தன. வெயில் தாக்காமல் இருக்கப் பெரிய குடை ஒன்றும், சாய்ந்துகொள்ள நாற்காலியும் வந்து சேர்ந்தன.

அவர்கள் கவனிக்கக் கவனிக்க அவருக்கு மனசு உறுத்தியது. இத்தனை பாசமான பிள்ளைகளை அம்போவென்று விட்டுவிட்டுப் புறாவோடு மல்லுக்கட்டுவது என்ன பிழைப்பு? அந்தச் சனிக்கிழமை விநாயக் வேலைக்குப் போயிருந்தான். மமதா ஆண்டர்சன்பேட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். காத்தவராயன் ஷோபாவின் அண்ணனைப் பிடித்து, ஆள் கூட்டிவரச் சொல்லி, மாடி முழுக்க வலை கட்டி முடித்துவிட்டார்.

இருவரும் வீடு திரும்பியதும் கூடத்தில் நிறுத்திவைத்து விஷயத்தைச் சொன்னார்.

"இனிமே மாடியில எனக்கு வேல இல்ல. நாள் பூரா உங்ககூடத்தான்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று காத்தவராயன் எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, விட்டுப்போன கடமைகளையெல்லாம் சேர்த்துவைத்துச் செய்தார். மமதா தோசை வார்த்தபோது எண்ணெய்க் கிண்ணத்தைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். அவள் அம்மாவுடன் போனில் பேசியபோது எதிரில் உட்கார்ந்து, "இன்னாவாம்?" என்று மூச்சுக்கு மூச்சு கேட்டார். விநாயக்கின் புதுச் சட்டையைத் தேய்த்துப் பார்த்து, கடைக்காரன் நன்றாக ஏமாற்றிவிட்டான் என்று தீர்ப்புச் சொன்னார். டீவியில் படம் ஓடியபோது, டீவியை விடச் சத்தமாக அடுத்து என்ன நடக்கும் என்று விளக்கினார். ராத்திரி படுத்தபோது உடம்பு அலுத்திருந்தாலும் மனசு லேசாக இருந்தது.

திங்கட்கிழமை விடியற்காலையில் தலைக்கு மேலே படபடவென்று சிறகுச் சத்தம் கேட்டு விழித்துக்கொண்டார். வலை கட்டிய மாடியில் புறா எப்படி வந்தது? எல்லாம் அந்த ஷோபாவின் வேலையாகத்தான் இருக்கும். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியேறி, ஒருக்களித்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தார்.

நாற்காலி மேல் ஏறி நின்று கத்தரிக்கோலால் வலையை வெட்டிக்கொண்டிருந்தான் விநாயக். கீழே மமதா முறத்திலிருந்த ராகியை வாரி வாரி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பெருசா வெட்டுங்க" என்றாள் அவள். "தெனம் போடறதப்போல ரெண்டு மடங்கு போட்டுக்கீறேன். நேத்து ஒரு நாள் மாமா கீழ இருந்ததே ஆயுசுக்கும் போதும்."