பின்னறைப் புகை

மூன்றாவது முறையாக அந்த வீடு பற்றி எரிந்தது.

“இன்னொரு தடவை கொளுத்துங்கம்மா,” என்றார் பின்னால் உட்கார்ந்திருந்தவர். குரலில் பதற்றமே இல்லை.

புகைக்காரி திரையில் வீட்டை மறுபடி முழுசாக்கினாள். சினிமாக்களுக்குக் கணினியில் நெருப்பும் புகையும் செய்து கொடுப்பவள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு அந்தப் பெயர். பக்கத்து மேஜையில் புழுதிப் புயல்கள் செய்பவனுக்குத் தூசி என்று பெயர்.

“எத்தனை கோட்டையைச் சாம்பலாக்கியிருக்கீங்க அக்கா! ரெண்டு அறை வீட்டுக்கு இவ்வளவு பாடா?” என்று சிரித்துவிட்டுத் தூசி சாப்பிடப் போனான். அவன் போனதும் அறையே சட்டென்று குளிர்ந்துவிட்டது போலிருந்தது அவளுக்கு.

வந்தவர் முந்தின நாளே வீட்டின் வரைபடத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கையால் போட்ட படம். கதவின் அகலம், ஜன்னலின் உயரம், பின்னறையில் கட்டில் கிடக்கும் இடம் எல்லாம் அங்குல சுத்தமாக இருந்தன. ஓரத்தில், ‘பின்கதவு வெளியே பூட்டியிருக்கும்’ என்று சின்னதாக எழுதியிருந்தார்.

இன்று வந்ததும் வராததுமாக அவர் செய்தது இன்னும் விசித்திரம். அவசர வழிக் கதவை மறைத்து அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளை, யாரையும் கேட்காமல், ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தார். கதவைத் திறந்து படிக்கட்டை எட்டிப் பார்த்தார். பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

தப்பி ஓட வழி பார்த்து வைக்கிறாரோ? அந்த நினைப்பு வந்த பிறகு அவளால் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

“புகை போடுற ரெண்டு சாஃப்ட்வேரை ஒப்பிட்டு நீங்க இன்டர்நெட்ல எழுதினதைப் படிச்சேன்மா. எது வேகம், எது அழகுன்னு எழுதியிருக்கீங்க. எது உண்மைன்னு எழுதலையே?”

“சினிமாக்காரங்க யாரும் அதைக் கேக்க மாட்டாங்க சார்.”

“நான் கேக்குறேன்.”

அவள் அடுத்த திரையை உயிர்ப்பித்தாள். இடது திரையில் ஓடிய மென்பொருள் சினிமாவுக்கென்றே செய்தது. கதாநாயகனின் முகம் தெரிய வேண்டும் என்பதால் புகையை நிதானமாக, அழகாகச் சுருட்டி எழுப்பும். வலது திரையில் இருந்தது காற்றையும் சூட்டையும் கதவிடுக்கையும் ஒன்றுவிடாமல் கணக்குப் போடும். அதற்கு ஒரு முழு நாள் பிடித்திருந்தது. அதில் புகை சுருளவில்லை. கறுப்புச் சுவர் போல நகர்ந்து வந்து கட்டிலை மூடியது.

“பின்னறையில தூங்குறவங்க எத்தனை நிமிஷம் தாங்குவாங்க? அது தெரிஞ்சா போதும்.”

“யார்… யார் சார் தூங்குறாங்க?”

“ஒரு அம்மாவும், சின்னப் பொண்ணும்.”

அவள் விரல்கள் விசைப்பலகையில் அப்படியே நின்றன. போலீஸுக்குச் சொல்லலாம் என்றால், கையில் என்ன இருக்கிறது? ஒரு காகிதம். இடது திரை பதினோரு நிமிடம் என்றது. வலது திரை மூன்று என்றது. மூன்றுதான் உண்மை என்று தெரிந்தால் இந்த மனிதர் நாளைக்கே தீக்குச்சியை உரசிவிடுவார்.

‘கடவுளே, ரெண்டு உசுருக்காக இந்த ஒரு பொய்யை மன்னிச்சிடு.’

“ரெண்டுல எதும்மா உண்மை?”

“இடது பக்கம்தான் சார். பதினோரு நிமிஷம்.” இடது திரையைக் காட்டினாள். “புகை மெதுவாத்தான் போகும். அதுக்குள்ள யாராவது உள்ள புகுந்து ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்துடலாம்.”

“வலது பக்கம்?”

“அது தப்புக் கணக்கு சார். நம்பாதீங்க.”

அவர் வரைபடத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்தவர், இடது திரையை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

பயந்துவிட்டார், இனி அந்த வீட்டுப் பக்கமே போக மாட்டார் என்று அவள் நெஞ்சுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

“ஏழாவது நிமிஷம் எங்க தீயணைப்பு வண்டி அந்த வாசல்ல நின்னுச்சும்மா, இனி உள்ள உசுரு இருக்காது, போகாதீங்கன்னு பசங்களைத் தடுத்தது நான்தான்.”